குழந்தைகள் தின அஞ்சல் தலையில் கூடுதலாக ஒரு ரூபாய் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நவம்பர் 14 குழந்தைகள் தினத்தையொட்டி இந்திய அஞ்சல் துறை வெளியிடும் நினைவு அஞ்சல் தலையின் முகமதிப்போடு ஒரு ரூபாயைக் கூடுதலாகச் சேர்த்து விற்று, அந்தக் கூடுதல் தொகை முழுவதையும் ஆதரவற்ற பிள்ளைகளைக் காக்கும் இல்லங்களுக்கு வழங்க வேண்டும் என்ற கோரிக்கையைத் தங்கள் நாளிதழ் வழியாக மத்திய அரசின் முன்னும் வாசகர்களின் முன்னும் வைக்க விரும்புகிறேன். பல நாடுகள் நெடுங்காலமாகச் செய்து வரும் காரியம் இது. நம் அஞ்சல் துறைக்கும் இது முடியாத காரியம் அன்று என்பதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே சான்று இருக்கிறது.

மயிலாடுதுறையை அடுத்த ஒரு சிற்றூரில், அரசு உதவி பெறும் பள்ளியில் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். குழந்தைகள் நலனுக்காக உழைக்கும் அமைப்புகளைப் போற்றி வெளிவந்த அஞ்சல் தலைகளை மட்டும் தேடித் தேடிச் சேர்த்து வருகிறேன். பறவை, ரயில், கோயில், கிரிக்கெட் என்று சேகரிப்பவர்கள் மனத்தைக் கவரும் பொருள்கள் எத்தனையோ இருக்க, இதை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஒரு நாடு தன் பிள்ளைகளைப் பற்றி எந்தக் காலத்தில் எதற்காகக் கவலைப்பட்டது என்பதை இத்தலைகள் ஆண்டுக்கணக்கோடு சொல்லிவிடுகின்றன. வகுப்பறையில் உலகப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு சொன்னாலும் பிள்ளைகள் மனத்தில் ஏறாத செய்திகள், ஓர் அங்குல அளவுள்ள தாள் துண்டைக் கையில் கொடுத்ததும் ஏறிவிடுவதை நேரில் கண்டவள் என்பதால்தான் இவ்வளவு உறுதியாக எழுதுகிறேன்.

நம் நாட்டுத் தலைகளிலிருந்தே தொடங்குகிறேன். 1957 நவம்பர் 14 அன்று குழந்தைகள் தினத்துக்காக மூன்று தலைகள் வெளியாயின. அந்த ஆண்டு ஏப்ரலில்தான் அணா போய் நயா பைசா வந்திருந்தது. 8 நயா பைசாத் தலையில் ஒரு குழந்தை வாழைப்பழம் தின்றுகொண்டிருக்கிறது. 15 நயா பைசாத் தலையில் ஒரு சிறுமி பலகையில் எழுதுகிறாள். 90 நயா பைசாத் தலையில் வங்காளத்துப் பாங்குராவின் சுடுமண் குதிரை நிற்கிறது. உணவு, கல்வி, விளையாட்டு என்னும் மூன்றும்தான் ஒரு பிள்ளைக்கு முதலில் கிடைக்க வேண்டும் என்று பத்து வயது நிரம்பிய சுதந்திர நாடு எண்ணியிருக்கிறது. காவிரிப் படுகையில் வாழைத் தோப்புகளுக்கு நடுவே வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அந்த முதல் தலை உடனே பிடித்துப்போகும். ஊட்டச்சத்து என்ற பாடத்தை நடத்துவதற்கு அதைவிட எளிய படம் எனக்குக் கிடைத்ததில்லை.

அடுத்த ஆண்டுத் தலையில் நோயுற்ற குழந்தையோடு ஒரு செவிலியர் இருக்கிறார். அதற்கும் அடுத்த ஆண்டு, 1959-இல் வெளியான தலைதான் என் கோரிக்கைக்கே வேர் என்று சொல்ல வேண்டும். குழந்தைகள் இல்லம் ஒன்றில் சேர்த்துக்கொள்ளப்படுவதற்காகக் காத்திருக்கும் சிறுவர்கள் அதில் இருக்கிறார்கள். அத்தலையை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்க்கும்போதெல்லாம் என் மனத்தில் ஒன்றே தோன்றும். பெற்றோரை இழந்த பிள்ளையை, அல்லது பெற்றோர் இருந்தும் வளர்க்க வழியில்லாத பிள்ளையை, நாடு மறைத்து வைக்காமல் தன் அஞ்சல் தலையிலேயே காட்டியிருக்கிறது. கொண்டாட்ட நாளில் வெளியிடும் தலையில் மகிழ்ச்சியை மட்டும் காட்டியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அப்படிச் செய்யாமல், இன்னும் இடம் கிடைக்காதவர்களைக் காட்டியது பெரிய மனம் என்றே நான் கருதுகிறேன்.

1963-ஆம் ஆண்டுக் குழந்தைகள் தினத் தலையின் பொருள் பள்ளி உணவு. 1956-இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்த மாநிலத்தில் இருக்கும் நமக்கு இத்தலை எவ்வளவு நெருக்கமானது என்பதை விளக்க வேண்டியதில்லை. சர்வதேசக் குழந்தைகள் ஆண்டான 1979-இல் காந்தியடிகள் ஒரு குழந்தையோடு இருக்கும் தலை வந்தது. எழுபதுகளிலிருந்து பெரும்பாலும் பிள்ளைகளே வரைந்த ஓவியங்கள் குழந்தைகள் தினத் தலைகளாக வரத் தொடங்கின. அவ்வோவியங்கள் அழகானவை, ஒரு பள்ளி மாணவனின் படம் நாடு முழுவதும் கடித உறைகளில் பயணம் செய்வது அவனுக்கும் அவன் பள்ளிக்கும் பெருமை. ஆயினும் பிள்ளைகளின் தேவையைச் சொல்லும் வழக்கம் அதனால் சற்றுப் பின்னுக்குப் போய்விட்டது என்பது என் கருத்து. ஓவியமும் இருக்கட்டும், அந்த ஓவியம் விற்ற காசு இன்னொரு பிள்ளையின் பசியையும் தீர்க்கட்டும் என்பதே நான் கேட்பது.

யுனிசெஃப் அமைப்பைப் போற்றும் தலைகளைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரில் சிதைந்த நாடுகளின் குழந்தைகளுக்கு உணவும் உடையும் மருந்தும் அளிப்பதற்காக 1946 டிசம்பர் 11 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை தொடங்கிய அவசர நிதியம் அது. 1953-இல் நிரந்தர அமைப்பாயிற்று. 1965-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றது. இந்தியா 1960 டிசம்பர் 11 அன்று யுனிசெஃப் தினத் தலையை 15 நயா பைசா மதிப்பில் வெளியிட்டது. டிசம்பர் 11 நம் பாரதியார் பிறந்த நாளும் ஆகும். அவருக்கான நினைவுத் தலை அதே 1960-ஆம் ஆண்டு செப்டம்பர் 11 அன்று வெளியாயிற்று. திருவள்ளுவருக்கான தலையும் அந்த ஆண்டுதான் வந்தது. இம்மூன்றையும் ஆல்பத்தின் ஒரே பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்று மாணவர்களிடம் சொல்வது என் வழக்கம். யுனிசெஃப் இந்தியாவில் பணி தொடங்கி 25 ஆண்டுகள் நிறைந்ததையொட்டி 1974-இலும், அந்த அமைப்பின் 40-ஆம் ஆண்டையொட்டி 1986-இலும், பொன்விழாவையொட்டி 1996-இலும் நம் நாடு தலைகள் வெளியிட்டிருக்கிறது. 1971-இல் அதன் வெள்ளி விழாவுக்குப் பல நாடுகள் ஒரே காலத்தில் தலைகள் வெளியிட்டதால், இந்தப் பொருளில் சேகரிக்கத் தொடங்கும் ஒரு மாணவர் அதிகச் செலவில்லாமலே உலகைச் சுற்றி வந்துவிட முடியும்.

இந்த அமைப்பு எங்கோ வெளிநாட்டில் இருப்பது, நமக்கு அதனோடு என்ன தொடர்பு என்று எண்ணுபவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்கிறேன். நம் வீடுகளில் உள்ள மூத்தவர்கள் பலரின் இடது மேற்கையில் காணப்படும் பி.சி.ஜி. தழும்பு, உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் துணை நிற்க இந்திய அரசு நாடு தழுவி நடத்திய காசநோய்த் தடுப்பூசி இயக்கத்தை நினைவூட்டுவது. அதற்கான மருந்தைத் தயாரிக்கும் ஆய்வகம் 1948-இலேயே சென்னைக் கிண்டியில் அமைந்தது. தெருமுனைகளில் இன்றும் நிற்கும் இந்தியா மார்க் 2 கைப்பம்பு எழுபதுகளில் யுனிசெஃப் துணையோடு உருவாகி, கோவை வட்டாரத்தில் சோதித்துப் பார்க்கப்பட்டு, பிறகு உலகின் பல நாடுகளுக்கும் சென்றது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினத்துக் கடற்கரை ஊர்கள் சிதைந்தபோது, தற்காலிக முகாம்களில் இருந்த பிள்ளைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போடுவதிலும், பள்ளிகளை மீண்டும் தொடங்குவதிலும் அரசுக்கு யுனிசெஃப் துணை நின்றது. அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் அன்று பெற்றோரை இழந்த குழந்தைகள் இன்று இளைஞர்களாக நம் நடுவே வாழ்கிறார்கள்.

ஆஸ்திரியா நாட்டின் இம்ஸ்ட் என்னும் ஊரில் 1949-இல் ஹெர்மன் க்மைனர் தொடங்கிய எஸ்.ஓ.எஸ். குழந்தைகள் கிராமம் என்ற அமைப்பும் சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் பணியாற்ற வந்தது. பெற்றோரற்ற பிள்ளைகளைப் பெருங்கூடங்களில் அடைத்து வைக்காமல், ஒரு தாயின் பொறுப்பில் சில பிள்ளைகள் சகோதர சகோதரிகளாக ஒரே வீட்டில் வளர வேண்டும் என்பது அதன் முறை. இந்த அமைப்பைப் போற்றியும் பல நாடுகள் தலைகள் வெளியிட்டுள்ளன. அவற்றையும் என் ஆல்பத்தில் தனிப் பகுதியாக வைத்திருக்கிறேன்.

இனி, என் கோரிக்கையின் மையத்துக்கு வருகிறேன். போற்றுதலோடு நின்றுவிடாமல் பொருளுதவியும் செய்யும் அஞ்சல் தலைகள் உலகில் உண்டு. அத்தகைய தலையில் இரண்டு எண்களைக் கூட்டல் குறியோடு அச்சிட்டிருப்பார்கள். முதல் எண் அஞ்சல் கட்டணம். இரண்டாவது எண் நன்கொடை. வாங்குபவர் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பார். கடிதத்துக்குக் கணக்கில் வருவது முதல் எண் மட்டுமே. நன்கொடை அஞ்சல் துறையின் வழியாக உரிய அமைப்புக்குச் சென்று சேர்ந்துவிடும்.

சுவிட்சர்லாந்தில் 1912-இல் தொடங்கப்பட்ட புரோ யுவென்டூட்டே என்னும் அறக்கட்டளைக்காக 1913 முதல் இத்தகைய தலைகள் வெளிவருகின்றன. அவற்றைப் பள்ளிப் பிள்ளைகளே வீடு வீடாகச் சென்று விற்பது அந்நாட்டில் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்த பழக்கம். மலைப் பகுதிப் பூக்கள், மாநிலச் சின்னங்கள், வண்ணத்துப்பூச்சிகள் என்று அழகு குன்றாமல் அச்சிட்டதால் உலகெங்கும் உள்ள சேகரிப்பாளர்கள் அவற்றைத் தவறாமல் வாங்கினார்கள். தம்மை அறியாமலே சுவிட்சர்லாந்துப் பிள்ளைகளுக்கு உதவினார்கள். நெதர்லாந்து 1924-இல் குழந்தைகளுக்கான நன்கொடைத் தலைகளைத் தொடங்கியது. அங்கும் மாணவர்களே வீட்டுக் கதவைத் தட்டி விற்கிறார்கள்.

நியூசிலாந்தின் கதை இன்னும் சுவையானது. அங்கே எலிசபெத் கன் என்னும் மருத்துவர் 1919-இல் நலிந்த பிள்ளைகளைத் திறந்தவெளி முகாமில் தங்க வைத்து, நல்ல உணவும் ஓய்வும் வெயிலும் கொடுத்து உடல் தேற்றி அனுப்பும் முறையைத் தொடங்கினார். அவ்வகை முகாம்களை நடத்துவதற்கு, 1929 முதல் வெளியான சுகாதாரத் தலைகளின் நன்கொடைதான் பெருந்துணையாக இருந்தது. 1931-இல் சிவப்பிலும் நீலத்திலும் ஒரு சிறுவன் சிரிக்கும் முகத்தோடு இரண்டு தலைகள் வந்தன. பொருளாதார மந்தம் கடுமையாக இருந்த காலம். கட்டணத்துக்கு மேல் நன்கொடையும் கொடுத்து வாங்க மக்களிடம் காசு இல்லை. அதனால் அவை மிகக் குறைவாகவே விற்றன. குறைவாக விற்றதாலேயே இன்று சேகரிப்பாளர்கள் பெருவிலை கொடுத்துத் தேடும் தலைகளாகிவிட்டன. நன்கொடை, வாங்குபவரை அச்சுறுத்தாத அளவில் இருக்க வேண்டும் என்ற பாடத்தையும் அவை நமக்குச் சொல்கின்றன. நான் ஒரு ரூபாய் என்று கேட்பது அதனால்தான்.

தரங்கம்பாடிக்கு அருகில் வாழ்பவள் என்ற முறையில் டென்மார்க்கைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடி அந்நாட்டின் வசம் இருந்ததும், டேனிஷ் கோட்டை இன்றும் அங்கே கடலைப் பார்த்து நிற்பதும் வாசகர்கள் அறிந்ததே. அந்த டென்மார்க்கில் ஐனர் ஹோல்பல் என்னும் அஞ்சல் ஊழியர், கிறிஸ்துமஸ் காலத்தில் குவியும் வாழ்த்துக் கடிதங்கள் ஒவ்வொன்றிலும் சிறு காசுக்கு ஒரு வில்லையை, அதாவது அஞ்சல் தலையைப் போன்ற ஒட்டுத் தாளை, கூடுதலாக ஒட்டச் செய்தால் காசநோய் பீடித்த குழந்தைகளுக்கு ஒரு மருத்துவமனையே கட்டிவிடலாமே என்று எண்ணினார். 1904-இல் அந்த வில்லை வெளியாயிற்று, மருத்துவமனையும் எழுந்தது. அஞ்சலகத்தில் நாள் முழுவதும் கடிதங்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்த ஒருவரின் மனத்தில் உதித்த எண்ணம் அது. நம் அஞ்சலகங்களில் பணியாற்றும் தம்பி தங்கையரும் இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

அந்த எண்ணம் இந்தியாவுக்கும் வந்தது. 1950 முதல் காசநோய்ச் சங்கம் வெளியிட்டு வரும் வில்லைகளை நம் பள்ளிகளில் விற்றோம். நானும் வகுப்பில் விற்றிருக்கிறேன். வீட்டில் கேட்டு வாங்கி வந்த சில்லறையைக் கைக்குள் இறுக்கிப் பிடித்தபடி பிள்ளைகள் வரிசையில் வந்து நிற்பார்கள். வில்லையை வாங்கியதும் நோட்டின் மேல் அட்டையில் பெயரெழுதிய இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்வார்கள். இந்தக் காசு எங்கே போகும், எந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போகும், மருந்து வாங்குவார்களா என்றெல்லாம் கேட்பார்கள். அந்தக் கேள்விகள்தாம் எனக்கு முக்கியமாகப் பட்டன. தன் கையிலிருந்து போன காசு எங்கே போய்ச் சேர்கிறது என்று கேட்கப் பழகிய பிள்ளை, வளர்ந்த பிறகும் பொதுக் காரியங்களில் அந்தக் கேள்வியை விடாது. எனினும் அந்த வில்லை அஞ்சல் தலை அன்று. அதை ஒட்டினால் கடிதம் போகாது. அஞ்சல் தலையே நன்கொடையைச் சுமந்து சென்றால் அதன் வீச்சு வேறு.

நம் அஞ்சல் துறையால் இது முடியுமா என்றால், 1971-ஐ நினைவுகூர வேண்டுகிறேன். அன்றைய கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து இலட்சக்கணக்கான அகதிகள் நம் நாட்டுக்கு வந்தபோது, கடிதங்களில் 5 பைசா மதிப்புள்ள அகதிகள் நிவாரணத் தலையைக் கூடுதலாக ஒட்ட வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. முதலில் வழக்கத்தில் இருந்த 5 பைசாத் தலையின் மேல் எழுத்துகளை அச்சேற்றிக் கொடுத்தார்கள். பிறகு அகதிக் குடும்பத்தின் படத்தோடு தனித் தலையே வந்தது. தஞ்சை மாவட்டத்தின் கடைக்கோடிக் கிராமத்தில் இருந்தவர்களும் அந்த 5 பைசாவைக் கொடுத்தார்கள். கட்டாயமாக அன்று செய்ததை, விரும்பியவர்கள் மட்டும் வாங்கும் முறையில் ஆண்டுக்கு ஒரே ஒரு தலையில் இன்று செய்வது எளிது.

இக்காலத்தில் கடிதம் எழுதுகிறவர் யார் என்ற கேள்வி எழும் என்பதை அறிவேன். பதிவு அஞ்சலையும் 2025-இல் விரைவு அஞ்சலோடு இணைத்துவிட்டார்கள்; அஞ்சலகத்தில் கொடுக்கும் உறையின் மேல் பட்டைக் குறியீட்டுத் தாள்தான் ஒட்டப்படுகிறது. ஆனால் நினைவுத் தலைகளை இன்று பெரும்பாலும் வாங்குபவர்கள் சேகரிப்பாளர்களும் பள்ளிகளும்தாம். அவர்கள் கடிதத் தேவைக்காக வாங்குவதில்லை. ஆகவே கடிதம் குறைந்தது இதற்குத் தடையாகாது. மேலும் நம் பகுதியில் பொங்கல் வாழ்த்து அட்டை அனுப்பும் வழக்கம் எவ்வளவு செழிப்பாக இருந்தது என்பதை நாற்பது வயதைக் கடந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மார்கழி பிறந்தால் கடைகளில் கயிறு கட்டி அட்டைகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். எந்த மாமாவுக்கு எந்த அட்டை என்று பிள்ளைகள் பார்த்துப் பார்த்து எடுப்பார்கள். நவம்பரில் வெளியாகும் குழந்தைகள் தினத் தலை பொங்கல் வரை எல்லா அஞ்சலகங்களிலும் கிடைக்குமாறு செய்து, ஒவ்வொரு மாணவரும் அந்தத் தலையை ஒட்டி ஒரே ஓர் உறவினருக்கு வாழ்த்து எழுதட்டும் என்று பள்ளிகள் சொன்னால், டெல்டா மாவட்டங்களில் மட்டுமே எத்தனை தலைகள் விற்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நன்கொடை யாருக்குப் போக வேண்டும் என்பதில் தெளிவு தேவை. சிறார் நீதிச் சட்டம் 2015-இன் கீழ்ப் பதிவு பெற்ற குழந்தைகள் இல்லங்களுக்கு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் பரிந்துரையோடு வழங்கலாம். எந்த மாவட்டத்தில் எவ்வளவு விற்றது, எந்த இல்லத்துக்கு எவ்வளவு சென்றது, அங்கே அதைக் கொண்டு என்ன வாங்கினார்கள் என்ற கணக்கை அடுத்த ஆண்டுத் தலையோடு வரும் விவரத் தாளிலேயே அச்சிட வேண்டும். ஒவ்வொரு நினைவுத் தலைக்கும் அதன் வரலாற்றைச் சொல்லும் விவரத் தாளை அஞ்சல் துறை ஏற்கெனவே வெளியிட்டு வருவதால், தனிச் செலவில்லாமல் இது நடக்கும். கணக்கு வெளிப்படையாக இருந்தால்தான் மக்கள் மறுபடியும் வாங்குவார்கள். நன்கொடைத் தலைகள் ஆண்டுக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம் என்பதையும் வலியுறுத்துகிறேன். அடிக்கடி வெளியிட்டாலும், நன்கொடையை ஏற்றிக்கொண்டே போனாலும் சேகரிப்பவர்கள் சலித்து ஒதுங்கிவிடுவார்கள்.

இந்தப் பொருளில் சேகரிக்க விரும்பும் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் சில சொல்ல விரும்புகிறேன். நினைவுத் தலைகள், அன்றாடம் புழங்கும் சாதாரணத் தலைகளைப் போல மீண்டும் மீண்டும் அச்சாவதில்லை. வெளியான காலத்திலேயே வாங்கிவிட வேண்டும். தலைமை அஞ்சலகங்களில் உள்ள சேகரிப்பாளர் முகப்பில் கேட்டால் கிடைக்கும். அஞ்சல் தலை வைப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கி வைத்தால் வெளியாகும் தலைகளை வீட்டுக்கே அனுப்பி வைப்பார்கள். உறையில் ஒட்டி வந்த தலையைப் பிய்த்து எடுக்கக் கூடாது. தலையைச் சுற்றிச் சற்று இடம் விட்டு உறையை வெட்டி, வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் மிதக்க விட்டால் பசை இளகித் தலை தானே பிரிந்து வரும். பிறகு அச்சில்லாத வெள்ளைத் தாளின் மேல் முகம் கீழாகக் கிடத்தி நிழலில் உலர்த்தி, கனமான புத்தகத்துக்குள் ஓரிரவு வைத்தால் சுருக்கம் நீங்கிவிடும். அதன் நான்கு விளிம்புகளிலும் உள்ள பல்வரிசையில் ஒரு பல் உடைந்தாலும் மதிப்புக் குறையும் என்பதால், விரலால் தொடாமல் இடுக்கியால் எடுப்பது நல்லது. தலை வெளியான நாளிலேயே தேதி முத்திரை பதித்த பழைய முதல் நாள் உறை கிடைத்தால் அதில் உள்ள தலையை மட்டும் வெட்டி எடுத்துவிடாதீர்கள். உறையும் தேதி முத்திரையும் சேர்ந்துதான் அதன் மதிப்பு.

நம் காவிரிப் படுகையில் பெரிய பகை ஈரம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சுவரே வியர்க்கும் வீடுகளில், பசையுள்ள புதுத் தலைகள் ஆல்பத்தின் தாளோடு ஒட்டிக்கொள்ளும். பழைய தலைகளில் துருவைப் போன்ற பழுப்புப் புள்ளிகள் விழும். ஆல்பத்தைத் தரைமட்ட அலமாரியில் வைக்காமல் உயரத்தில் செங்குத்தாக நிறுத்தி வைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப் பொட்டலத்தைப் பக்கத்தில் போட்டு, தை மாதம் பிறந்ததும் எல்லா ஆல்பங்களையும் எடுத்துப் பக்கம் பக்கமாகப் பிரித்து நிழலில் காற்றாட வைப்பது என் வழக்கம். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது கூரை போய்ப் புத்தகங்களும் ஆல்பங்களும் நனைந்து கூழானவர்கள் உண்டு. அதற்குப் பிறகு, மழைக்காலம் தொடங்கும் முன்பே ஆல்பங்களை மூடி இறுகிய பெட்டியில் வைத்துவிடுங்கள் என்று அறிந்தவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன்.

அஞ்சலக ஊழியர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. என் மாணவி ஒருத்தி யுனிசெஃப் தலை ஒட்டி எனக்கு அனுப்பிய உறையில், அத்தலையின் குறுக்கே பால்பாயிண்ட் பேனாவால் இரண்டு கோடுகளை அழுத்திக் கிழித்திருந்தார்கள். அந்தப் பெண் எத்தனையோ இடத்தில் தேடி வாங்கி அனுப்பிய தலை அது. வேலைப் பளு எவ்வளவு என்பதை நான் அறியாதவள் அல்ல. ஆனாலும் தேதி முத்திரையை எடுத்துத் தலையின் ஓரத்தில் தெளிவாக ஒரு முறை பதித்தால், அந்தத் தாள் துண்டு இன்னும் நூறாண்டுக்கு அந்த ஊரின் பெயரைச் சுமந்துகொண்டிருக்கும். குழந்தைகள் கொண்டுவந்து கொடுக்கும் உறைகளிலாவது இந்தக் கவனத்தைக் காட்ட வேண்டுகிறேன்.

தீன் தயாள் ஸ்பர்ஷ் என்ற பெயரில் அஞ்சல் துறை 2017 முதல் நடத்தி வரும் உதவித்தொகைத் திட்டத்தைப் பல பெற்றோர் அறியவில்லை. அஞ்சல் தலை சேகரிப்பில் ஈடுபாடுள்ள, ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை பயிலும் மாணவர்களில் தேர்வு பெறுவோருக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் வழங்குகிறார்கள். வினாடி வினாவும் சேகரிப்புத் திட்ட அறிக்கையும் வைத்துத் தேர்ந்தெடுப்பார்கள். திட்ட அறிக்கைக்கு என்ன பொருள் எடுக்கலாம் என்று ஆசிரியர்கள் யோசிக்கும்போது, குழந்தைகள் நல அமைப்புகளின் தலைகளையும் நினைவில் கொள்ள வேண்டும். வரலாறு, புவியியல், நலவாழ்வு ஆகிய மூன்றும் இந்த ஒரே பொருளில் அடங்கிவிடுகின்றன. 1957 முதல் 1963 வரையிலான நம் நாட்டுத் தலைகள் பெரும்பாலும் எளிய விலைக்கே கிடைப்பதால், வசதி குறைந்த வீட்டுப் பிள்ளையும் நல்ல அறிக்கை ஒன்றைத் தயாரித்துவிடலாம்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் நாடாளுமன்ற உறுப்பினர்கள், நன்கொடைத் தலை பற்றிய இந்தக் கோரிக்கையை மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சரிடம் எழுத்து வடிவில் கொடுத்து, இந்த ஆண்டுக் குழந்தைகள் தினத்துக்குள் இல்லாவிட்டாலும் அடுத்த ஆண்டுக்குள்ளாவது பதில் பெற்றுத் தர வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் வீட்டுப் பரணில் பழைய கடிதக் கட்டுகளை வைத்திருக்கும் வாசகர்கள், அவற்றைப் பழைய தாள் வாங்குபவரிடம் எடைக்குப் போடும் முன் பக்கத்துப் பள்ளியின் ஆசிரியரிடம் ஒரு முறை காட்ட வேண்டும். 1959-ஆம் ஆண்டுத் தலை ஒட்டிய உறை ஏதேனும் அவற்றில் இருந்தால், அதை வெட்டாமல் முழு உறையாகவே அந்தப் பள்ளிக்குக் கொடுத்துவிட வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள வாசகி,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
மயிலாடுதுறை மாவட்டம்